குழாய்த் தண்ணீரில் கோளாறு: எங்கே தேடுவது, யாரைக் கூப்பிடுவது

தருமபுரிப் பக்கம் ஒரு பேரூராட்சியில் பிளம்பிங் வேலை பார்க்கிறேன். இங்கே பல வீடுகளில் இரண்டு வகைத் தண்ணீர் உண்டு. காவிரியிலிருந்து ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் வரும் நல்ல தண்ணி குடிக்க, வீட்டு ஆழ்துளைக் கிணற்றில், அதாவது போரில், வரும் உப்புத் தண்ணி புழங்க. நல்ல தண்ணி தினமும் வராது, வரும் நாளிலும் கொஞ்ச நேரம்தான். "தண்ணி சரியில்லை, வந்து பாருங்க" என்று வரும் அழைப்புகள் எல்லாம் சுற்றிச் சுற்றி அதே ஏழெட்டு அறிகுறிகள்தான். அவற்றையே தலைப்புகளாகப் போட்டிருக்கிறேன். உங்கள் அறிகுறியைத் தேடிப் படியுங்கள். ஆனால் அதற்கு முன் இந்த ஒரு சோதனை எல்லோருக்கும் பொது.

## முதல் வேலை: மூன்று பாட்டில்

நிறம் தெரிகிற மாதிரி தெளிவான பாட்டில் மூன்றைக் கழுவி எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் பாட்டிலைத் தண்ணீர் விடும் நேரத்தில், தெரு லைன் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் இருக்கும் குழாயில் பிடியுங்கள். இரண்டாவது, சம்ப் என்கிற தரைக்கடித் தொட்டியிலிருந்து. மூன்றாவது, மாடி டேங்க் வழியாக வரும் சமையலறைக் குழாயிலிருந்து. பெயர் எழுதி ஒட்டி, வெள்ளைத் தாளின் முன் வரிசையாக வைத்துப் பாருங்கள், மூடியைத் திறந்து முகர்ந்து பாருங்கள்.

முதல் பாட்டில் நன்றாக இருந்து இரண்டாவது கெட்டிருந்தால் கோளாறு சம்பில். மூன்றாவது மட்டும் கெட்டிருந்தால் மாடி டேங்க் அல்லது உள் பைப். முதல் பாட்டிலே கெட்டிருந்தால் இடப்பக்கம், வலப்பக்கம் இரண்டு வீட்டிலும் கேளுங்கள். அவர்களுக்கும் அப்படியே வந்தால் தெரு லைன், உங்களுக்கு மட்டும் என்றால் உங்கள் வீட்டு இணைப்பு.

நிறைய பேர் இதைச் செய்யாமல் நேராக ஆர்.ஓ. மெஷின் வாங்கப் போய்விடுகிறார்கள். சம்பில் பல்லி செத்து மிதக்கும்போது ஆர்.ஓ. வாங்கி என்ன பயன்?

## அறிகுறி: சாக்கடை வாடை

இருப்பதிலேயே ஆபத்தானது இதுதான். வாடை வந்த நிமிடமே குடிக்கவும் சமைக்கவும் வேறு தண்ணீருக்கு மாறுங்கள். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், சாக்கடையில் கலந்திருக்கும் மற்றவை போகாது.

முதல் சில நிமிடம் மட்டும் வாடை, பிறகு சரியாகிறது. "முதல் தண்ணியைக் கீழே விட்டுட்டுப் பிடிச்சா போதும்" என்று ஊரில் சொல்வார்கள். போதாது. தண்ணீர் நின்ற பிறகு லைன் காலியாகக் கிடக்கிறது. எங்கோ ஓட்டை இருக்கிறது. அந்த ஓட்டை வழியாக வெளியில் தேங்கியிருப்பது உள்ளே போயிருக்கிறது. முதல் தண்ணீரோடு பெரும்பகுதி வந்துவிடும், மிச்சம் பின்னால் வருவதிலும் இருக்கும், மூக்குக்குத் தெரியாது.

தேட வேண்டிய வரிசை:

முதலில் செலவில்லாதது. தெருவிலிருந்து வீடு வரை உங்கள் இணைப்பு வரும் பாதையை நடந்து பாருங்கள். பழைய வீடுகளில் அரை இஞ்ச் ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப் சாக்கடைக்குள்ளேயே இறங்கி ஏறும். குச்சியால் சேற்றை ஒதுக்கிப் பார்த்தால், ஜாயிண்ட்டின் மேல் சைக்கிள் டியூபைக் கிழித்து இறுக்கிச் சுற்றியிருப்பார்கள். தண்ணீர் அழுத்தத்தோடு வரும்போது அந்த ரப்பர் ஓரத்தில் பொட்டுப் பொட்டாகக் கசியும். தண்ணீர் நின்றதும் அதே இடத்தில் சாக்கடை உள்ளே போகும். இந்த ஊரில் வாடை புகார்களில் பெரும்பாலானவை இந்த டியூப் சுற்றலில்தான் போய் முடிகின்றன.

இதற்கு வழி, சாக்கடைக்கு மேலே ஓர் அடி உயர்த்திப் புதுப் பைப் போடுவது. முடியாத இடத்தில் பெரிய பி.வி.சி. பைப்பை உறையாகப் போட்டு, அதற்குள் ஜாயிண்ட் இல்லாத ஒரே நீளக் கறுப்புக் குழாயை இழுத்துவிடுவது. சாக்கடைக்குள் ஜாயிண்ட் என்ற ஒன்று இருக்கவே கூடாது. அரை நாள் வேலை.

அடுத்தது காகிதச் சோதனை. தண்ணீர் வரும் நேரத்தில் குழாயைத் திறந்து வைத்து, ஈரமான சின்னக் காகிதத்தை வாயில் ஒட்டுங்கள். தண்ணீர் வராமல் காகிதம் உள்ளே இழுக்கப்பட்டால், அக்கம்பக்கத்தில் யாரோ லைனில் நேரடியாக மோட்டார் மாட்டி உறிஞ்சுகிறார்கள். அந்த மோட்டார் தண்ணீரை மட்டும் இழுப்பதில்லை. தெருவில் எங்கெங்கே ஓட்டை இருக்கிறதோ அங்கெல்லாம் சாக்கடையையும் சேர்த்தே இழுக்கிறது. லைனில் மோட்டார் வைப்பது விதிமீறல், பேரூராட்சி பறிமுதல் செய்யலாம். நான் ஒவ்வொரு வீட்டிலும் சொல்வது: மோட்டாரை சம்பில் போடுங்கள், லைனில் போடாதீர்கள். கோபப்படுகிறவர்கள் உண்டு.

மூன்றாவது சம்ப். செப்டிக் டேங்க்குக்குப் பக்கத்திலேயே சம்ப் கட்டிய வீடுகள் ஏராளம். ராத்திரி சம்புக்கு வரும் வால்வை மூடிவிட்டு, உள் சுவரில் நீர்மட்டத்துக்கு நேராகச் சாக்பீஸால் கோடு போடுங்கள். காலையில் மட்டம் கோட்டுக்கு மேலே ஏறியிருந்தால் வெளித் தண்ணீர் உள்ளே ஊறுகிறது. கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தாலும் விரிசல் இருக்கிறது என்றுதான் அர்த்தம், மழைக்காலத்தில் அது திரும்பும். இனி இது கொத்தனார் வேலை, செலவும் அதிகம். பூசி முடிக்கும் வரை குடிக்கும் தண்ணீரைச் சம்பில் விடாமல் முன்குழாயிலேயே பிடித்துக்கொள்ளுங்கள்.

எப்போது மற்றவரைக் கூப்பிடுவது: தெரு முழுக்க வாடை என்றால் உங்கள் பிளம்பர் செய்ய ஒன்றுமில்லை. முதல் பாட்டிலில் தேதியும் நேரமும் எழுதி எடுத்துக்கொண்டு பேரூராட்சி அலுவலகம் போங்கள். "தண்ணி நாத்தம் அடிக்குது" என்பதோடு நிறுத்தாமல், "எங்க தெருக் கடைசி வீட்டுக் குழாயில குளோரின் எவ்வளவு இருக்குன்னு பாருங்க" என்று கேளுங்கள். டேங்க் ஆபரேட்டரிடம் குளோரின் அளவைக் காட்டும் குளோரோஸ்கோப் இருக்கும், பார்க்க இரண்டு நிமிடம் ஆகாது. நீங்களாகச் சாலையைத் தோண்டாதீர்கள்.

தெருவில் ஒன்றுக்கு மேற்பட்ட வீட்டில் வயிற்றுப்போக்கு, வாந்தி என்றால் பைப்பைத் தேடுவது இரண்டாம் வேலை. ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சொல்லுங்கள். சுகாதார ஆய்வாளர் வந்தால் பேரூராட்சியும் அன்றே அசையும்.

## அறிகுறி: மஞ்சள், சிவப்பு, செம்மண் நிறம்

ஒரு வாளியில் பிடித்து ஒரு மணி நேரம் அசைக்காமல் வையுங்கள்.

பிடிக்கும்போதே கலங்கல், அடியில் மண் படிகிறது. தென்மேற்குப் பருவமழையில் காவிரி செந்நிறமாகப் பெருகும்போது சில நாள் இப்படி வரும். மழையே இல்லாத காலத்தில் திடீரென்று வந்தால் தெரு லைன் எங்கோ உடைந்திருக்கிறது, சொல்லிவிடுங்கள். தெளிய வைக்கப் படிகாரத்தை நாலு சுற்றுச் சுற்றலாம். தேற்றாங்கொட்டையைப் பானையின் உள்பக்கம் இழைப்பதும் வேலை செய்யும். இரண்டும் கலங்கலைத்தான் எடுக்கும், கிருமியைக் கொல்லாது. தெளிந்த தண்ணீரை வடிகட்டிக் கொதிக்க வைத்தே குடியுங்கள். தளதளவென்று கொதி வந்தபின் ஒரு நிமிடம் போதும்.

காலையில் முதல் குடம் மட்டும் துருநிறம். உள் ஜி.ஐ. பைப் துருப்பிடித்துவிட்டது. குடிக்கும் லைனை மட்டுமாவது துருப்பிடிக்காத சி.பி.வி.சி. பிளாஸ்டிக் பைப்பாக மாற்றுங்கள்.

தெளிவாக வருகிறது, வைக்க வைக்க மஞ்சளாகிறது. போர் தண்ணீர்தான் இப்படிச் செய்யும். இரும்பு கரைந்திருக்கிறது, காற்றுப் பட்டதும் நிறம் காட்டுகிறது. அதில் டீ போட்டால் டிகாக்‌ஷன் மை மாதிரி கறுத்துப்போகும், வெள்ளை வேட்டியில் பழுப்புக் கறை விழும். தண்ணீரை ஷவர் போலத் தூவிவிட்டுத் தொட்டியில் ஒரு ராத்திரி வைத்து, மணல் வழியாக வடித்தால் பெருமளவு போய்விடும். அதற்கும் போகவில்லை என்றால் இரும்பு நீக்கும் ஃபில்டர் வேண்டும். பரிசோதனை ரிப்போர்ட் இல்லாமல் அதை வாங்காதீர்கள்.

## அறிகுறி: பால் மாதிரி வெள்ளை

ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்துப் பாருங்கள். அடியிலிருந்து மேல்நோக்கித் தெளிந்துகொண்டே வந்தால் வெறும் காற்று, குடிக்கலாம். ஐந்து நிமிடத்துக்குப் பிறகும் வெள்ளையாகவே நின்றால் களிமண் அல்லது சுண்ணாம்பு. முந்தைய தலைப்புக்குப் போங்கள்.

## அறிகுறி: மருந்து வாடை

குளோரின். இது புகார் இல்லை, நல்ல செய்தி. குடிநீர்க் குழாயின் கடைசி வீட்டிலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது குளோரின் மிச்சம் இருக்க வேண்டும் என்பதுதான் அளவு. வாடை பிடிக்காவிட்டால் அகலமான பாத்திரத்தில் அரை மணி நேரம் திறந்து வையுங்கள், போய்விடும். மூக்கில் ஏறுகிற அளவு, கண் எரிகிற அளவு என்றால் மட்டும் தண்ணி திறந்துவிடும் அண்ணனுக்கு ஒரு போன் போடுங்கள். அன்றைக்குக் கை தாராளமாகப் போயிருக்கும்.

எனக்குக் கவலை தருவது மாதக்கணக்கில் எந்த வாடையும் இல்லாத தெருதான்.

## அறிகுறி: அழுகிய முட்டை வாடை

சுடுதண்ணீரில் மட்டும்: கீசர். உள்ளே இருக்கும் மெக்னீசியம் கம்பியும் வெந்நீரில் வளரும் கிருமியும் சேர்ந்து செய்கிற வேலை. சர்வீஸ்காரரிடம் கம்பியை மாற்றச் சொல்லுங்கள்.

போர் தண்ணீரில்: ரொம்ப நாள் ஓட்டாத போர் என்றால் ஒரு மணி நேரம் ஓட்டி வெளியே விட்டுப் பாருங்கள். அப்படியும் போகாவிட்டால் குடிக்க அதை நம்ப வேண்டாம்.

சம்ப் தண்ணீரில்: அடியில் வண்டல் கட்டியிருக்கிறது, அல்லது எதுவோ விழுந்து செத்திருக்கிறது. சுத்தம் செய்வது அடுத்த தலைப்பில்.

## அறிகுறி: புழு, பாசி, மிதக்கும் துணுக்கு

நெளிந்து மேலே வந்து போவது கொசுப்புழு. அடி வண்டலில் சிவப்பு நூலாக நெளிவது இன்னொரு பூச்சியின் புழு. இரண்டும் தெரு லைனில் வளர்வதில்லை, உங்கள் டேங்கில்தான் வளர்கின்றன. மூடியைப் பாருங்கள். வெயிலில் விரிந்து, காற்றில் தள்ளிப்போய், மேலே ஒரு கருங்கல்லோடு பாதி திறந்து கிடக்கும். ஓவர்ஃப்ளோ பைப்பின் வாயில் கொசுவலை கட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள், பெரும்பாலும் இருக்காது. பச்சைப் பாசி என்றால் டேங்குக்குள் வெளிச்சம் போகிறது. வெளிறிப்போன பழைய டேங்குகளில் இது சகஜம்.

கறுப்பாக, மெல்லிய ரப்பர் துணுக்கு வந்தால் வாஷர் தேய்கிறது. கரித்தூள் மாதிரி வந்தால் ஃபில்டரின் கார்பன் குழல். இரண்டும் சில்லறைச் செலவு.

டேங்க் சுத்தம் செய்யும் முறை. காலி செய்து, தேய்த்து, வண்டலை வாரி வெளியே கொட்டுங்கள். திரும்ப நிரப்பி, ஆயிரம் லிட்டருக்கு 150 கிராம் புது பிளீச்சிங் பவுடர். நேராகக் கொட்டாதீர்கள். பிளாஸ்டிக் வாளியில் கரைத்து, கசடு அடியில் நின்றபின் மேல் தெளிவை மட்டும் ஊற்றுங்கள். வீட்டில் உள்ள ஒவ்வொரு குழாயையும் வாடை வரும் வரை திறந்து மூடுங்கள், அப்போதுதான் உள் பைப்பும் சுத்தமாகும். ராத்திரி முழுக்க விட்டுக் காலையில் எல்லாவற்றையும் வெளியேற்றுங்கள். அந்தத் தண்ணீரை ஒரு சொட்டும் குடிக்கக் கூடாது, மாட்டுக்கும் காட்டக் கூடாது.

பவுடர் பழசாக இருந்தால் இந்தக் கணக்கு பொய்த்துவிடும். மூட்டையைத் திறந்து வைத்தால் வீரியம் போய்க்கொண்டே இருக்கும். கட்டி தட்டி, மூக்கில் ஏறாத பவுடரை வாங்காதீர்கள்.

இரண்டு எச்சரிக்கை. கறை போக ஆசிட் ஊற்றித் தேய்க்கிறவர்கள் அதே நாளில் பிளீச்சிங் பவுடரைத் தொடாதீர்கள். இரண்டும் சேர்ந்தால் கிளம்பும் குளோரின் வாயு ஆளைச் சாய்த்துவிடும். அடுத்து, ஆழமான, ரொம்ப நாள் மூடிக்கிடந்த சம்புக்குள் தனியாக இறங்கவே இறங்காதீர்கள். டீசல் பம்பை உள்ளே இறக்கி ஓட்டாதீர்கள். முழுக்கத் திறந்துவைத்துக் காற்றோட்டம் செய்தபின், இடுப்பில் கயிறோடு ஒருவர், மேலே பிடித்துக்கொள்ள இருவர். இறங்கியவர் மயங்கினால் பின்னாலேயே குதிக்கக் கூடாது. கயிற்றை இழுங்கள், 108-ஐக் கூப்பிடுங்கள்.

## அறிகுறி: உப்புக் கரிக்கிறது, பருப்பு வேகவில்லை

வழக்கமாக இனிப்பாக வரும் லைன் தண்ணீர் திடீரென்று கரித்தால், காவிரி வரத்துக் குறைந்து மேல்நிலைத் தொட்டியில் ஊர் போர் தண்ணீரைக் கலந்திருக்கிறார்கள். தண்ணீரில் கரைந்த உப்பைக் காட்டும் கையடக்க டி.டி.எஸ். மீட்டர் ஒன்று இருந்தால் நல்லது. நல்ல தண்ணி வரும் நாளில் என்ன எண் காட்டுகிறது என்று சமையலறைக் காலண்டரில் குறித்து வையுங்கள். அது இரண்டு மடங்காகும் நாளில் கலப்பு நடந்திருக்கிறது என்று ஊகிக்கலாம். இந்தியத் தர அளவில் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை விரும்பத்தக்கது, வேறு தண்ணீரே இல்லாவிட்டால் 2000 வரை அனுமதி.

பருப்பு வேகாததும் சோப்பு நுரைக்காததும் கடினத்தன்மை. உடம்புக்குப் பெரிய கேடில்லை, கேஸ் செலவுதான்.

மீட்டர் உப்பை மட்டுமே சொல்லும். சாக்கடை கலந்த தண்ணீரிலும் 300 காட்டும். கிருமி, ஃபுளோரைடு எதுவும் அதற்குத் தெரியாது. இந்த உப்பை வைத்து ஆர்.ஓ. விற்கிறவர்கள் வீடு வீடாக ஒரு வித்தை காட்டுகிறார்கள். இரண்டு டம்ளர், மின்சாரத்தில் செருகிய இரும்புக் கம்பிகள். உங்கள் தண்ணீர் நொடியில் பழுப்பு நுரையாகப் பொங்கும், அவர் கொண்டுவந்த ஆர்.ஓ. தண்ணீர் அப்படியே நிற்கும். "பாருங்கம்மா, இதைத்தான் பிள்ளைங்க குடிக்குது" என்பார். உப்புள்ள தண்ணீரில் மின்சாரம் பாய்கிறது, கம்பியின் இரும்பு கரைந்து துருவாகிறது, அவ்வளவுதான். அவருடைய தண்ணீரில் ஒரு சிட்டிகை உப்புப் போட்டுத் திரும்பச் செய்யச் சொல்லுங்கள். அதுவும் பொங்கும். ஆள் கிளம்பிவிடுவார்.

போர் தண்ணீரைத்தான் குடித்தாக வேண்டும் என்கிற வீட்டுக்கு ஆர்.ஓ. தேவைதான். காவிரி மட்டும் குடிக்கிற வீட்டுக்குப் பெரும்பாலும் வேண்டியதில்லை, கொதிக்க வைத்தால் போதும்.

## அறிகுறி: கேன் தண்ணீரில் வழுவழுப்பு, பிளாஸ்டிக் வாடை

கேனைக் கவிழ்த்து உள் அடியை டார்ச் அடித்துப் பாருங்கள். பச்சைப் படலம் இருந்தால் திருப்பி அனுப்புங்கள். சீல், தயாரித்த தேதி, 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் மூன்றும் லேபிளில் இருக்க வேண்டும். எல்லாம் சரியாக இருந்தும் வழுவழுப்பு என்றால், கேனைக் கவிழ்த்து வைக்கும் உங்கள் டிஸ்பென்சரைக் கழற்றிப் பாருங்கள். யாரும் அதைக் கழுவுவதில்லை.

## அறிகுறி எதுவுமே இல்லை, ஆனாலும் சந்தேகம்

தெளிவாக, வாடையில்லாமல், சுவையாக இருக்கும் போர் தண்ணீரிலும் ஃபுளோரைடு இருக்கலாம். எங்கள் மாவட்டத்தின் பழைய வியாதி அது. ஒகேனக்கல் திட்டம் வந்ததற்கே பெரிய காரணம் அதுதான். பிள்ளைகளின் முன்பற்களில் வெண்திட்டோ பழுப்புக் கோடோ தெரிந்தால் சந்தேகப்படுங்கள். பல் உருவாகும் வயதில் குடித்த தண்ணீர்தான் கறை போடும். அதனால் பெரியவர்கள் பல் நன்றாக இருப்பதை வைத்துத் தண்ணீர் நல்லது என்று சொல்ல முடியாது. கொதிக்க வைத்தால் ஃபுளோரைடு போகாது, தண்ணீர் வற்றுவதால் செறிவு கூடும். கேண்டில் ஃபில்டரும் புற ஊதா விளக்கும் இதற்கு உதவாது.

போர் பக்கத்தில் மாட்டுக்கொட்டகையோ செப்டிக் டேங்க்கோ இருந்தால் நைட்ரேட்டையும் பார்க்க வேண்டும். கைக்குழந்தைக்குப் பால் கரைக்கும் தண்ணீர் என்றால் காத்திருக்காதீர்கள்.

கிருமிக்கு வீட்டுச் சோதனை: எச்.டூ.எஸ். குப்பி என்று சின்னப் பாட்டில் கிடைக்கும். தண்ணீரைக் கோடு வரை ஊற்றி, மூடி, அறை வெப்பத்தில் வையுங்கள். ஒன்றிரண்டு நாளில் கறுத்தால் மலக்கழிவு கலந்திருக்கச் சாத்தியம் அதிகம். கறுக்காவிட்டால் அதை முழு உத்தரவாதமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஆய்வகத்துக்கு: தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்ட ஆய்வகம் உண்டு, தனியாரும் கட்டணம் கட்டிக் கொடுக்கலாம். ரசாயனச் சோதனைக்கு இரண்டு லிட்டர், சுத்தமான கேனில், அதே தண்ணீரால் நாலு முறை அலசிப் பிடித்துப் போதும். கிருமிச் சோதனைக்கு அவர்கள் தரும் பாட்டிலில்தான் பிடிக்க வேண்டும். உள்ளே குளோரினை முறிக்க மருந்து போட்டிருப்பார்கள், தூசி என்று நினைத்து அலசிவிடாதீர்கள். குழாய் வாயை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து, இரண்டு நிமிடம் ஓடவிட்டு, மூடியின் உள்பக்கம் விரல் படாமல் பிடித்து, ஐஸ் பெட்டியில் அன்றைக்கே கொண்டுபோங்கள்.

ரிப்போர்ட் வந்ததும் மூன்று வரியைத்தான் முதலில் பாருங்கள். ஃபுளோரைடு லிட்டருக்கு 1.0 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், 1.5-ஐத் தாண்டினால் அந்தத் தண்ணீரைக் குடிக்கவும் சமைக்கவும் நிறுத்துங்கள். நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. மலக்கழிவு கலந்ததைக் காட்டும் ஈ.கோலை கிருமி 100 மில்லியில் ஒன்றுகூட இருக்கக் கூடாது. ஈ.கோலை தெரு லைன் மாதிரியில் வந்திருந்தால் நகல் எடுத்துப் பேரூராட்சிச் செயல் அலுவலருக்குக் கடிதமாகக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கி வையுங்கள். வாய்வார்த்தையாகச் சொன்ன புகாருக்கு வால்வைத் திறந்து லைனைக் கழுவிவிட்டுப் போவார்கள். முத்திரை வாங்கிய புகாருக்குத்தான் ஓட்டையைத் தேடித் தோண்டுவார்கள்.